கோலாலம்பூருக்குப் புறப்படும் முன், பார்த்துவந்த பிள்ளையிடம் விடைபெறும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்களும் பல்கலைக்கழக விடுமுறையில் வீடு திரும்பியவர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இன்றும் வழக்கத்தில் உள்ளது. விடியுமுன் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாயும், இருட்டோடு ஃபேக்டரி வேனில் ஏறும் தாயும் அவர்களை நம்பித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகளை ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை தோட்டத்தில் இருந்த காலத்தில் ஓர் ஆயா வேலையை விட்டாலும் கொட்டகையும் தொட்டிலும் மற்ற பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டில் தனியாக ஒரு பிள்ளையைப் பார்ப்பவர் விலகினால், அந்தப் பிள்ளைக்கு ஆளும் இடமும் பழக்கமும் ஒரே நாளில் மாறிப்போகும். ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்குக் கோலாலம்பூரில் வேலைக்கோ பயிற்சிக்கோ போக முடிவெடுத்தவர், பெட்டியை அடுக்குவதற்கு முன்பே இந்த விடைபெறுதலைத் திட்டமிட வேண்டும்.

முதலில் தாயிடம் சொல்லுங்கள். ஒட்டுக்கடை என்னும் சாலையோரச் சிறுகடையில் சொன்ன செய்தி மாலைக்குள் ஊரைச் சுற்றிவிடும். தன் பிள்ளையைப் பற்றிய செய்தியைத் தாய் மூன்றாம் மனிதர் வாயிலாகக் கேட்பது நியாயமல்ல. வாட்சாப்பில் அனுப்பாமல், அவர் வேலை முடிந்து வந்து ஒரு வாய் தேநீர் குடித்த பிறகு, நேரில் அமர்ந்து, “அக்கா, அடுத்த மாசக் கடைசியில நான் கே.எல். போறேன், அதுக்குள்ள தம்பிக்கு ஒரு நல்ல ஆளை நாம சேர்ந்து பார்ப்போம்” என்று சொன்னால் போதும். குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுப்பது முறை. கடைசி மாதச் சம்பளம், முன்பணம், வீட்டுச் சாவி ஆகியவற்றையும் அன்றே பேசி முடித்துவிடலாம்.

அடுத்து வரும் ஆளைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை. ஆனாலும் பிள்ளையை நன்கு அறிந்தவர் என்ற முறையில் நீங்கள் சிலவற்றைச் சொல்லலாம். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேற்பட்டோரையோ கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம், அது குடியிருக்கும் வீடாகவே இருந்தாலும், சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளையைத் தாஸ்கா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு மையத்திலோ பக்கத்துத் தாமானில் பலரைப் பார்க்கும் ஒருவரிடமோ விட நினைக்கும் தாய் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. பாட்டியிடம் விடுவதானால், ஓடியாடும் பிள்ளையைத் தூக்கிச் சுமக்க அவருடைய முழங்கால் இடம் கொடுக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று தமிழ் ஆரம்பப்பள்ளியில் படிக்கும் அக்காவின் பொறுப்பில் கைப்பிள்ளையை விட்டுச் செல்வதை மட்டும் ஏற்காதீர்கள். தகுந்த மேற்பார்வையின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

புதிய ஆள் கிடைத்ததும், நீங்கள் இருக்கும்போதே அவர் வரத் தொடங்க வேண்டும். இந்த வழிமுறையில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் நாள் அவர் வெறுமனே உட்கார்ந்து பார்க்கட்டும். பிள்ளையைத் தூக்க முயல வேண்டாம். அடுத்த நாள் நீங்கள் பக்கத்தில் இருக்க அவர் சோறூட்டலாம். பிறகு குளிப்பாட்டலாம், தொட்டிலாட்டலாம். அதன்பின் நீங்கள் கடைக்குப் போவதாகப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வெளியே போய், சொன்னபடி திரும்பி வாருங்கள். ஏறத்தாழ எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை பிள்ளைகளுக்குப் பிரிவச்சம் கடுமையாக இருப்பது இயல்பு. கண்ணுக்கு மறைந்தவர் மீண்டும் வருவார் என்பதை அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கிடையில் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதுங்கள். பால்மாவு எத்தனை அவுன்ஸ் தண்ணீருக்கு எத்தனை கரண்டி, எந்த உணவு ஒவ்வாது, கிளினிக் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பவற்றோடு, பிள்ளையின் இப்போதைய எடையையும் குறித்து வையுங்கள். காய்ச்சலுக்கான பாரசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், மருத்துவர் சொன்ன அளவையும் அதைச் சொன்ன தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும். இவற்றையெல்லாம் தாயும் சொல்லிவிடுவார். உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை வேறு: பகலில் எந்தப் பாட்டுக்குத் தூங்குகிறான், மழை தகரக் கூரையில் விழும்போது பயப்படுகிறானா, தண்ணீரைக் கேட்க என்ன மழலைச் சொல் சொல்கிறான், எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம். இந்தப் பக்கங்களை விரிவாக எழுதுங்கள், ஏனெனில் புதியவர் முதல் வாரத்தில் தடுமாறும் இடங்கள் இவைதான். பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளையானால், இனி யார் அழைத்துப்போவார் என்பதைத் தாயே ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளையிடம் சொல்வதற்கான காலம் வயதைப் பொறுத்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு விளக்கம் பயன்படாது; மாறாத உணவு நேரமும் அதே தொட்டிலுமே அதற்கு ஆறுதல். மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கைந்து நாள் முன்னால் சொன்னால் போதும், ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரம் தேவைப்படும். “இரண்டு மாதம்” என்பது சின்னப் பிள்ளைக்கு விளங்காது. “பள்ளி விடுமுறை வரும்போது”, “தீபாவளிக்கு முன்னால்” என்று அவர்கள் அறிந்த ஒன்றோடு சேர்த்துச் சொல்லி, நாள்காட்டியில் அந்த நாளைச் சேர்ந்தே வண்ணம் தீட்டலாம். “நீ குறும்பு செய்தால் அக்கா திரும்பி வரமாட்டேன்” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது. பிரிவுக்குத் தானே காரணம் என்று பிள்ளை நம்பிவிடும்.

கடைசி நாளில், பிள்ளை தூங்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ நழுவிப் போவதைப் பலர் இரக்கம் என்று நினைக்கிறார்கள். அழுகையை நாம் பார்க்காமல் தப்பிக்கிறோமே தவிர, பிள்ளை தப்பிப்பதில்லை; விழித்துத் தேடிய பிறகு, அடுத்து வந்தவர் சமையலறைக்குப் போனாலும் அது பதறும். மண்டியிட்டு, முகம் பார்த்து, “அக்கா ரயிலில் கே.எல். போய்ட்டு வரேன், நாளையிலிருந்து அத்தை சோறு ஊட்டுவாங்க” என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், அணைத்துக்கொள்ளுங்கள், பின் பிள்ளையைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். வாசலிலிருந்து மீண்டும் மீண்டும் திரும்பி வந்தால் அழுகை நீளும். இதற்காகவே, கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். எனும் மின்சார ரயில் டிக்கெட்டை அன்றைக்கே எடுக்காமல் மறுநாளுக்கு எடுப்பது நல்லது. அவசரத்தில் செய்யும் விடைபெறுதல் சரியாக அமையாது.

நகரத்துக்குப் போனபின் தினமும் அழைப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, தாய் வீட்டிலிருக்கும் நேரத்தில், குறித்த நாளில் வீடியோவில் பேசுங்கள். பிள்ளை பேச மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். திரும்பி வந்து பார்க்கும்போது அது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஓடிப்போய்த் தூக்காமல், தரையில் உட்கார்ந்து அதுவாக வரும்வரை பொறுத்திருங்கள். இப்போது பார்த்துக்கொள்பவருடன் பிள்ளை நன்கு ஒட்டியிருந்தால், தாய் கேட்காதவரை பழைய வேலையைத் திரும்பக் கேட்காமல், வந்துபோகும் அக்காவாகவே இருங்கள்.