பைடெஸ்ட்டை நிறுவும்போதும் நீக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீக்கிவிட்டேன் சார், ஆனாலும் ஓடுகிறது" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார் ஒரு மாணவர். அவர் சொன்னது பைடெஸ்ட்டை, பைத்தான் நிரல்களைச் சோதிக்க உதவும் கருவியை. சேலம் ஐந்து ரோடு பக்கம் மாலை வேளைகளில் பைத்தான் சொல்லித்தருகிறேன். இந்தப் புகார் எனக்குப் பழக்கமானதுதான். பைத்தான் தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் பயன்படுவது பிப். அதற்கு அவர் அடித்திருந்த 'பிப் அன்இன்ஸ்டால் பைடெஸ்ட்' கட்டளைக்குக் கீழே மஞ்சளில் ஒரே ஒரு வரி. இந்தத் தொகுப்பு இங்கே நிறுவப்படவே இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன் என்பது அதன் பொருள். அவர் அதைப் படிக்கவில்லை. கர்சர் அடுத்த வரிக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டார்.

ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருப்பது சாதாரணம். அவர் நிறுவியது ஒன்றில், நீக்கப் போனது இன்னொன்றில். லினக்ஸில் 'விச் -ஏ பைடெஸ்ட்' என்று கேட்டால் அது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் 'பிப்' என்று அடிக்காமல் 'பைத்தான்3 -எம் பிப்' என்றே அடித்துப் பழகினால், எந்தப் பைத்தானிடம் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வராது.

அடுத்தது சூடோ மோகம், அதாவது நிர்வாகி அனுமதியோடு இயங்குதளத்திலேயே நேராக நிறுவும் ஆசை. லினக்ஸ் வகைகளான உபுண்டு 23.04, டெபியன் 12 முதல், இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானில் கைவைக்க பிப் மறுக்கிறது. அந்த மறுப்பைக் கண்டதும் பலர் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற கொடியை (கட்டளையின் போக்கை மாற்றும் கூடுதல் சொல்லை) சேர்த்து அடித்துவிடுகிறார்கள். உடைப்பேன் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் எப்படித்தான் எச்சரிப்பது? 'பைத்தான்3 -எம் வென்வ் சோதனை' என்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, அதற்குள் நிறுவுங்கள். இந்த இயங்குதளங்களின் சொந்த நிறுவியான ஏபிடி வழியாக வந்த பைடெஸ்ட்டை ஏபிடியாலேயே நீக்குங்கள்.

பைடெஸ்ட் தனியாக வருவதில்லை. பிளக்கி, இனிகான்ஃபிக், பேக்கேஜிங் போன்ற துணைத் தொகுப்புகளோடு வருகிறது. நீக்கும்போது பிப் பைடெஸ்ட்டை மட்டும் எடுக்கும். மற்றவை அப்படியே கிடக்கும். எரிச்சலில் அவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கப் போகாதீர்கள். பேக்கேஜிங்கை வேறு பல தொகுப்புகளும் நம்பியிருக்கின்றன. பைடெஸ்ட்-கவ் போன்ற செருகுநிரல்களை விட்டுவிட்டுப் பைடெஸ்ட்டை மட்டும் நீக்கியிருந்தால், 'பிப் செக்' அந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும். தனிச் சூழலில் நிறுவியவருக்கு இந்தத் தலைவலி இல்லை: 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலை வெளியே ஒரு கோப்பில் சேமித்துவிட்டு அந்தச் சூழலின் கோப்புறையையே அழித்துவிடலாம். உங்கள் நிரலையும் அதே கோப்புறையில் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் வீடு உள்ள மாணவர்களுக்கு இன்னொரு விஷயம். மழைக்காலத்தில் அங்கே சிக்னலை நம்பி உட்கார முடியாது. சேலத்திலேயே 'பிப் டவுன்லோட் பைடெஸ்ட்' என்று கோப்புகளை இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போகலாம். மேலே போய், இணையத்தைத் தேடாமல் பென்டிரைவிலிருந்தே எடுக்கச் சொல்லும் 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' கொடிகளோடு நிறுவலாம். ஆனால் இறக்கிய கணினி லினக்ஸ், நிறுவும் கணினி விண்டோஸ் என்றால் அங்கே கோலோராமா என்ற தொகுப்பும் வேண்டும். லினக்ஸ் அதை இறக்கியிருக்காது. பைத்தான் பதிப்பு 3.11க்குக் கீழே என்றால் டோம்லி, எக்செப்ஷன்குரூப் என்ற தொகுப்புகளும் தேவைப்படும். இது தெரியாமல் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மறுநாள் திரும்ப இறங்கி வந்தார், ஒரு சின்னக் கோப்புக்காக.