பாறை உருக அடுப்பு வேண்டாம்: எரிமலைத் தீவை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். வரிசையாக ஐந்து எரிமலைகள் நின்றன. தெர்மாகோலில் இரண்டு, பேப்பர் கூழில் இரண்டு, தேயிலைத் தோட்டத்துச் செம்மண்ணைக் குழைத்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சார்ட். சார்ட்டில் நீலக் கடல், நடுவில் தீவு, தீவுக்கு அடியில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு குளம். ஒரு சார்ட்டில் குளத்துக்கும் கீழே விறகடுப்பு மாதிரி தீ எரிந்துகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரப் பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: "தட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதால் வெப்பம் உண்டாகிப் பாறை உருகி மாக்மா ஆகிறது சார்."

(தட்டுகள் என்பவை பூமியின் மேற்புறமாக அமைந்த மாபெரும் பாறைப் பலகைகள். மாக்மா பூமிக்குள் உருகிய பாறை, வெளியே வந்தால் லாவா.) எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். அது எனக்கு என்ன விலையில் முடிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நிலவியல் படித்தவன். ஊட்டியில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன், சனி ஞாயிறுகளில் பாறை காட்ட அவர்களை நடத்திக் கூட்டிப் போகிறேன். மாக்மாவுக்கும் லாவாவுக்கும் பெயர் மாற்றிச் சொல்வது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எடுக்கப் போவதில்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். கீழே தலைப்பாக வருபவை நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள்.

தொட்டபெட்டா ஓர் அணைந்துபோன எரிமலை

இல்லை. கொடைக்கானலும் இல்லை.

பூமிக்குள் முழுக்கக் குழம்பு

மேலோட்டைத் தோண்டினால் உடனே சிவப்புக் குழம்பு என்றுதான் பாதிப் பேர் வரைகிறார்கள். மேலோட்டுக்கு அடியிலிருந்து 2,900 கி.மீ. ஆழம் வரை இருப்பது கவசம். அது கிட்டத்தட்ட முழுக்கத் திடப்பாறை. நிலநடுக்க அலைகளில் எஸ் அலை என்று ஒன்று உண்டு, திரவத்துக்குள் அது போகாது. கவசத்துக்குள் தாராளமாகப் போகிறது. இந்த அலைகளை நிலநடுக்கப் பதிவுகளில் முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ஓல்டாம். 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தபோது அவருக்குக் கிடைத்தது அது. நம் நாட்டு நடுக்கத்தில் கிடைத்த சேதி, நம் பிள்ளைகளின் சார்ட்டுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இவ்வளவு சூட்டிலும் திடமாகவே கிடக்கும் பாறை, ஒரு தீவுக்கு அடியில் மட்டும் ஏன் உருகுகிறது?

தட்டு உரசிச் சூடாகி உருகுகிறது

இதுதான் என்னைக் கவிழ்த்த பதில்.

ஆய்வு உதவித்தொகைக்கான நேர்காணல், சென்னையில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் பாரன் தீவைப் பற்றிக் கேட்டார். (பேரன் தீவு என்றும் எழுதுகிறார்கள். வகுப்பில் அப்படிச் சொன்னால் "தாத்தா தீவு எங்கே சார்?" என்று ஒருவனாவது கேட்பான்.) நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். அந்தமான் கடலில் இருப்பது, இந்தியாவில் இப்போதும் சீறுகிற ஒரே எரிமலை, 1787இல் வெடித்ததற்குப் பதிவு உண்டு, நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி எழுந்தது, கடல்மட்டத்துக்கு மேலே 350 மீட்டர் சொச்சம்தான் தெரிகிறது, கடல் தரையிலிருந்து அளந்தால் 2 கி.மீ.க்கு மேல். இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் அமிழ்கிறது. எல்லாம் சரி.

"அமிழ்கிற தட்டு சூடா, குளிரா?"

"குளிர்ந்தது சார். கடலடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்து ஆறியது."

"ஆறின சாமானை அடுப்புக்குள் தள்ளினால் அடுப்பு இன்னும் கொதிக்குமா, தணியுமா?"

"தணியும் சார்."

"அப்புறம் எப்படிப் பாறை உருகுகிறது?"

உரசல் என்றேன். இரண்டு தட்டும் உரசுகிற வெப்பம் என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. டீயை எடுத்துக் குடித்தார், ஃபைலை மூடினார். உதவித்தொகை வேறொருவருக்குப் போனது. நீலகிரி எக்ஸ்பிரஸில் திரும்பி வந்து டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கப் போனால் வயது வரம்பு தாண்டியிருந்தது.

உரசல் ஏன் பதில் ஆகாது? பாறை சூடேறினால் இளகும். இளகினால் உரசாமல் வழுக்கிப் போகும். உருகும் அளவுக்குச் சூடு சேரும் முன்பே உரசல் தளர்ந்துவிடும். அதோடு, ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும் குளிர்ந்த தட்டு சுற்றியிருப்பதன் சூட்டையும் குடித்துக்கொண்டே போகிறது. பெரும்பாலான இடங்களில் அமிழும் தட்டு உருகுவதே இல்லை. உருகுவது அதற்கு மேலே மாட்டிக்கொண்ட கவசப் பாறை.

காரணம் தண்ணீர். கடலடித் தட்டு வெறும் பாறையாக இறங்குவதில்லை. அதன் களிமண்ணிலும் தாதுக்களிலும் நீர் கட்டுண்டிருக்கிறது. ஆழம் போகப் போக அந்தத் தாதுக்கள் சிதைந்து நீரைக் கக்குகின்றன. எரிமலை வரிசைக்கு நேர் கீழே தட்டு ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தில் இருக்கும். வெளியேறும் நீர் மேலே ஏறிச் சூடான கவசப் பாறைக்குள் புகுகிறது. நீரில்லாமல் 1,200 டிகிரியிலும் திடமாக நின்ற பாறை, நீர் சேர்ந்ததும் அதைவிடப் பல நூறு டிகிரி குறைவான சூட்டிலேயே உருகத் தொடங்கும். யாரும் சூட்டைக் கூட்டவில்லை. உருகுநிலைதான் கீழே இறங்கி வந்தது.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு ஆய்வகம் வேண்டாம். ஜனவரியில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், வெயில் வரும் முன் கூட்டிப்போய் ஓரிடத்தில் ஒரு பிடி கல்லுப்பைத் தூவச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் உப்பு விழுந்த இடத்தில் மட்டும் புல் ஈரமாகப் பச்சை காட்டும். பக்கத்துப் புல் வெள்ளையாகவே நிற்கும். இரண்டுக்கும் ஒரே குளிர். "யாராவது தீ வைத்தீர்களா?" என்று கேட்பேன். கை விறைத்து நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் மறக்கமாட்டார்கள்.

இன்னொரு சாட்சி என் மேசையில் காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வானம் தோண்டியபோது வந்த சார்னோகைட், நாம் கருங்கல் என்று சுவருக்கு அடுக்குகிற அதே கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர். உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் கருநீலச் சாம்பலாக மினுங்கும். நடுநடுவே துவரம்பருப்பு அளவில் சிவந்த கார்னெட் மணிகள். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் கல் 25 கி.மீ. ஆழத்துக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேலான சூட்டில் கிடந்திருக்கிறது. தாராளமாகத் தண்ணீர் சேர்ந்திருந்தால், அந்தச் சூட்டில் கிரானைட் போன்ற பாறை கணிசமாக உருகியிருக்கும். இது உலர்ந்து கிடந்தது, திடமாகவே நின்றுவிட்டது. சூடு மட்டும் போதும் என்றால் நீலகிரி என்றைக்கோ குழம்பாகியிருக்க வேண்டும்.

வெளியே வந்த லாவாவும் இதையே சொல்கிறது. படிகம் வளரும்போது அதற்குள் மாட்டிக்கொண்ட நுண்ணிய கண்ணாடித் துளிகளை அளந்திருக்கிறார்கள். தட்டு அமிழும் இடத்து எரிமலைகளில் மாக்மாவின் எடையில் 4 சதவீதம் வரை சாதாரணமாக நீர் இருக்கிறது. ஹவாயில் அது 1 சதவீதம்கூட இல்லை.

இத்தனையும் ஒரே நேர்காணலில் சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும்.

எல்லாத் தீவுக்கும் தண்ணீர்க் கதை

மேலே உள்ளதைப் படித்தவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இது. ஹவாய் பசிபிக் தட்டின் நட்டநடுவில் இருக்கிறது. மிக அருகில் உள்ள தட்டு விளிம்பே 3,000 கி.மீ.க்கு அப்பால். அங்கே எதுவும் அமிழவில்லை.

அங்கே நடப்பதை ஊட்டிக்காரர்களுக்குக் குக்கரை வைத்துச் சொல்லலாம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகமாட்டேன் என்கிறது. குக்கரில் அழுத்தம் ஏறினால் அதே தண்ணீர் 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். பாறையின் உருகுநிலையும் அழுத்தத்தோடு ஏறும். ஆழத்தில் அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் 1,400 டிகிரிப் பாறை திடமாக இருக்கிறது. வழக்கத்தைவிடச் சூடான கவசப் பாறை திடமாகவே மெல்ல மேலே ஊர்ந்து வருகிறது. வழியில் சூடு பெரிதாக இறங்குவதில்லை, அழுத்தம் மட்டும் குறைகிறது. ஒரு கட்டத்தில் உருகத் தொடங்குகிறது, அதுவும் முழுவதும் உருகாமல் ஒரு பகுதி மட்டும். இப்படிப்பட்ட இடத்துக்குச் சூட்டுப்புள்ளி என்று பெயர். இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவும் இதே ரகம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பசால்ட் என்ற கறுப்பு எரிமலைப் பாறையைக் கொட்டியதும் அதே சூட்டுப்புள்ளிதான் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து.

மாக்மா அறை ஒரு தண்ணீர்த் தொட்டி

எரிமலைக்கு அடியில் மாக்மா தேங்கும் இடத்துக்கு மாக்மா அறை என்று பெயர். அறை என்ற சொல்லே ஆளைக் கெடுக்கிறது. கதவு இல்லாத குறைதான். உள்ளே இருப்பதில் பெரும்பங்கு படிகக் கூட்டம், இடுக்குகளில் குழம்பு. நெய் விட்ட வெண்பொங்கலை நினைத்துக்கொள்ளுங்கள்: பருக்கைதான் அதிகம், நெய் நடுவே கசிந்து நிற்கும். கீழிருந்து புது மாக்மா வந்து சூடேற்றினால்தான் அதில் நகரக்கூடிய குழம்பு கூடுகிறது. சில நேரம் அந்தப் புது வரவே வெடிப்பைத் தூண்டிவிடுகிறது.

ஒரே தொட்டியும் கிடையாது. ஹவாயின் கிலாவேயா 2018இல் உச்சியை விட்டுப் பல பத்து கிலோமீட்டர் தள்ளி, வீடுகள் இருந்த இடத்தில் பிளந்தது. முதலில் வந்தது பழைய, ஆறிப்போன, கெட்டியான மாக்மா. முந்தைய வெடிப்புகளில் வெளியேறாமல் பல பத்தாண்டுகளாகப் பாறைக்குள் தங்கியிருந்த மிச்சம். சூடான புதுச் சரக்கு அதற்குப் பிறகுதான் ஓடி வந்தது. உச்சியில் தரை நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிப்போனது.

உருவானபடியே வெளியே வருகிறது

வராது. வழியில் தங்கும்போது கனமான படிகங்கள் பிரிந்துவிடும், சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) கூடும், பிசுபிசுப்பு ஏறும். பசால்ட்டாகப் புறப்பட்டது, சிலிக்கா கூடிய ஆண்டிசைட் என்ற பாறையாக வந்து சேரலாம்.

திடீரென வெடித்தது

ஸ்பெயினின் லா பால்மா தீவில் 2021 செப்டம்பர் 11 முதல் நிலம் அதிர்ந்துகொண்டே இருந்தது. 19ஆம் தேதி பிளந்தது. 2017லிருந்தே அவ்வப்போது சின்ன அதிர்வுகள் வந்திருக்கின்றன. திடீர் என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வினிகரும் சோடா உப்பும்

வாயு நுரைத்துத் தள்ளும் என்று காட்ட மட்டும். மாக்மா எப்படி உருவாகிறது என்பதற்கு அதைக் காட்டாதீர்கள்.

கோத்தகிரிப் பெண்ணிடம் நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன், பெரியவர் மாதிரி ஃபைலை மூடாமல். "அமிழ்கிற தட்டு சூடா, குளிரா?" கொஞ்சம் யோசித்தாள். "கடலுக்கு அடியில இருந்து வர்றதுனா ஜில்லுனுதான சார் இருக்கும்?" என்றாள். பிறகு சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எப்படி சார் உருகும்?"

சொன்னேன். உப்பையும் உறைபனியையும் சேர்த்துச் சொன்னேன். பாக்ஸிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்து "உரசுவதால்" என்பதை அங்கேயே அடித்தாள். தட்டின் மேல் விளிம்பிலிருந்து நீலப் புள்ளிகள் மேலே போவதுபோல் வைத்தாள். கடைசியில் குளத்துக்குக் கீழே விரலை வைத்துக் கேட்டாள்: "இந்த அடுப்பை என்ன சார் பண்றது?"

"வெள்ளைப் பேப்பர் ஒட்டிவிடும்மா" என்றேன்.