26ஆ, 30ஆ? தூர இலக்கு ரைபிளுக்குக் குழல் நீளம் தேர்ந்தெடுப்பது எப்படி

போன மாதம் ஒரு விடியற்காலை. மெல்போர்னில் இருக்கும் மருமகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி: "மாமா, 26 எடுக்கவா 30 எடுக்கவா?" எனக்கு இன்னும் தேத்தண்ணீர் கூட இறங்கவில்லை. காற்சட்டை இடுப்பளவு கேட்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் ரைபிள் கழகம் ஒன்றில் சேர்ந்திருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. கேட்டது ரைபிள் குழலின் நீளம், அங்குலக் கணக்கில்.

நானும் அந்தப் பக்கம் வேலை செய்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சுடுகளத்தில் கழித்தவன். இப்போது இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் இருக்கிறேன். காற்று வாகாக அடித்தால் தியத்தலாவை இராணுவ முகாம் பக்கத்துப் பயிற்சிச் சூட்டுச் சத்தம் வீடு வரை வரும். எனக்கும் ரைபிளுக்கும் இன்று மிச்சமிருக்கும் உறவு அவ்வளவுதான். இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே முடியாது. ஆகவே, வெளிநாட்டில் முறையாகக் கழகத்தில் சேர்ந்து முதல் ரைபிளுக்கு ஓடர் கொடுக்கப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மருமகனுக்குத் தட்டிய பதில்தான், கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

முதலில், நீளம் என்ன தருகிறது?

வேகம் தருகிறது. அவ்வளவுதான்.

தோட்டாவில் உள்ள வெடிமருந்து எரிந்து வரும் வாயு, குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் வரைதான் அந்தத் தள்ளு. குழல் நீண்டால் தள்ளும் நேரமும் நீளும். ஆனால் குண்டு முன்னே போகப் போக வாயுவுக்கு இடம் பெரிதாகிறது, அழுத்தம் குறைகிறது. அதனால் கடைசி அங்குலங்கள் தரும் லாபம் முதல் அங்குலங்கள் தந்தது போல இருக்காது. .308 வின்செஸ்டர் தோட்டாவில் (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்) 20 அங்குலத்துக்கு மேல் ஒவ்வொரு அங்குலமும் சுமாராக விநாடிக்கு 6 முதல் 8 மீற்றர் வேகம் கூட்டும். நிறைய மருந்து பிடிக்கும் மெக்னம் தோட்டாக்களில் இன்னும் கூடும். சிறிய .22 எல்ஆர் தோட்டாவில் கதை தலைகீழ்: 16, 18 அங்குலத்துக்குள் மருந்தின் வேலை முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் உராய்வு குண்டை இழுத்துப் பிடிக்கத்தான் செய்யும்.

"நீளக் குழல் குறி தப்பாது" என்று ஊரில் சொல்வார்கள். இது பழைய நம்பிக்கை. தியத்தலாவையில் 1900இல், தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு நடந்த போவர் போரின் கைதிகளை அடைத்து வைத்த முகாம் இருந்தது நமக்குத் தெரியும். அந்தப் போரில் பிரித்தானியக் காலாட்படை தூக்கித் திரிந்த நீள லீ-என்ஃபீல்டின் குழல் 30.2 அங்குலம். போர் முடிந்த கையோடு காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் சேர்த்து ஒரே ரைபிளாகக் குட்டை லீ-என்ஃபீல்டைக் கொண்டுவந்தார்கள். அதன் குழல் 25.2 அங்குலம். ஐந்து அங்குலத்தை வெட்டிவிட்டார்களே, இனி எதைச் சுடுவது என்று இலக்குச் சுடுநர்கள் புலம்பினார்கள். அந்தக் குட்டை ரைபிள்தான் பிறகு இரண்டு உலகப் போர்களிலும் உழைத்தது.

திறந்த குறிநோக்கி வைத்துச் சுடுகிறவர்களுக்கு மட்டும் நீளத்தில் இன்னொரு லாபம் உண்டு: முன் நோக்கிக்கும் பின் நோக்கிக்கும் இடையிலான தூரம் கூடினால் குறி பார்ப்பதில் வரும் பிழை குறையும். அதற்குக் கூட நிஜக் குழல் வேண்டாம். .22 போட்டி ரைபிள்களில் குழல் வாயில், உள்ளே முறுக்கு வரி வெட்டாத வெறும் குழாயை மாட்டி, அதன்மேல் நோக்கியை ஏற்றியிருப்பார்கள். ஸ்கோப் என்னும் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

படி 1: எந்தப் போட்டி?

இதை முடிவு செய்யாமல் அங்குலக் கணக்குக்குப் போகாதீர்கள். மருமகனிடமும் முதலில் இதைத்தான் கேட்டேன்.

எஃப்-கிளாஸ் என்னும் போட்டியில் படுத்தபடி, தாங்கி வைத்து, ஸ்கோப்பால் 1000 யார் (914 மீற்றர்) வரை சுடுவார்கள். அதற்குள்ளேயே இரண்டு பிரிவு. எஃப்-டிஆரில் .308 அல்லது .223 தோட்டா மட்டும். ரைபிளும் பைபொட் என்னும் இருகால் தாங்கியும் சேர்ந்து 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. எஃப்-ஓப்பனில் 8 மில்லிமீற்றர் வரை எந்தத் தோட்டாவும் போடலாம், எடை 10 கிலோ வரை. இரண்டிலும் 30, 32 அங்குலக் குழல்களைத்தான் அதிகம் காண்பீர்கள். பால்மா என்னும் தூர இலக்குப் போட்டி ரைபிளில் ஸ்கோப் கிடையாது, வழக்கமாக 30 அங்குலம். ஓடி, ஏறி, மரக்கட்டை மீதும் கதவு மீதும் வைத்துச் சுடும் பிஆர்எஸ் போட்டியென்றால் 24 முதல் 26 போதும். அங்கே 32 அங்குலத்தைத் தூக்கிப் போனால் கதவு நிலையில் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

படி 2: என்ன தோட்டா?

6.5 கிரீட்மோர் போன்றவை காற்றை நன்றாக வெட்டிச் செல்லும் மெல்லிய நீளக் குண்டுகளை எறிகின்றன. 24, 26 அங்குலத்திலேயே 1000 யாருக்கு அவை தாராளம். .308 அப்படியல்ல. தூரத்தில் அதற்கு மூச்சு வாங்கும். அதனால்தான் .308காரர்கள் நீளக் குழலுக்கு ஆசைப்படுகிறார்கள்.

குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகளின் முறுக்கையும் இதோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். 6.5க்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம். .308இல் 155 கிரெய்ன் எடையுள்ள (சுமார் 10 கிராம்) குண்டுக்கு 12, 13. அதைவிடப் பாரமான குண்டுக்கு 10 அல்லது 11. நீளத்தைச் சரியாக எடுத்துவிட்டு முறுக்கில் பிழை விட்டால் காசு வீண்.

படி 3: இலக்கை எட்டும்போது என்ன வேகம்?

குண்டு ஒலியை விட வேகமாகப் புறப்படுகிறது. போகப் போகத் தளர்ந்து, ஒலி வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் இடத்தில் சில குண்டுகள் தள்ளாடும். .308இல் புகழ் பெற்ற ஒரு 168 கிரெய்ன் குண்டு இதற்குப் பேர்போனது. 300 மீற்றர் போட்டிக்கென்று வடிவமைத்த குண்டு அது. 1000 யாரில் அதை நம்பினவர்கள் டார்கெட் பலகையில் ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது: என் குண்டு இலக்கை எட்டும் வரை ஒலி வேகத்துக்கு மேலேயே இருக்குமா? இருந்தால் நீளம் போதும். இல்லையென்றால் குழலை நீட்டுங்கள், அல்லது நல்ல குண்டாக மாற்றுங்கள். பல நேரம் இரண்டாவதுதான் மலிவு.

இங்கே நம்ம மலைநாட்டை வைத்து ஒரு கணக்குப் பார்க்கலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிது. பருப்பு வேக நேரம் எடுப்பதற்கும் அதுவே காரணம். கொழும்புக் காற்றோடு ஒப்பிட்டால் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. தடை குறைந்தால் குண்டு மெதுவாகத்தான் தளரும். கிட்டத்தட்ட, நுவரெலியாவின் 1000 யார் கொழும்புக் காற்றில் 830, 840 யார் போல. தியத்தலாவை சுமார் 1250 மீற்றர், அங்கே பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்று குறைவு. ஆக ஒரே ரைபிள், ஒரே தோட்டா; கீழே இன்னும் சில அங்குலம் வேண்டும் என்று தோன்றும் குழல், மேலே போதுமானதாகிவிடும்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. 30 பாகை வெயிலில் ஒலி விநாடிக்கு 349 மீற்றர் வேகத்தில் போகும். 12 பாகைப் பனிக்காலையில் 338. அதாவது குண்டு விழுந்துவிடக்கூடாத கோடும் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிறது. ஆனால் அதே குளிரில் பல மருந்துகள் சற்று மந்தமாக எரிந்து ஆரம்ப வேகத்தையும் குறைக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிற கதை.

மெல்போர்ன் கடல் மட்டத்துக்குப் பக்கத்து ஊர். அதனால் மருமகனுக்கு இந்த மலைச் சலுகை எதுவும் கிடையாது. 155 கிரெய்ன் குண்டை 30 அங்குலக் குழலிலிருந்து விநாடிக்கு 900 மீற்றர் அளவில் அனுப்பலாம். அதே தோட்டா 24 அங்குலத்தில் 855 அளவுக்கு இறங்கும். அந்த 45 மீற்றர்தான் 1000 யாரில் காற்று தள்ளும் தூரத்தில் சில அங்குலத்தைக் குறைத்துத் தருகிறது. எஃப்-கிளாஸில் நடு வட்டமே ஐந்து அங்குலம்தான் என்பதால் அது சின்ன விஷயமில்லை. அதே நேரம் அப்புத்தளைக் கணவாயில் ஒரு பின்னேரம் நின்று பார்த்தவனுக்குத் தெரியும்: காற்று திசை மாறினால் அங்குலமல்ல, அடிக்கணக்கில் போகும். அதைக் குழல் பார்த்துக்கொள்ளாது.

படி 4: தராசு

இதில் நான் பட்டேன். முதல் எஃப்-டிஆர் ரைபிளுக்குப் பெருமைக்காக 32 அங்குலம், ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் நேர் குழல் எடுத்தேன். அந்தத் தடிப்பில் ஒரு அங்குலம் 150 கிராம் வரும். ஆறு அங்குலம் கூட்டினால் 900 கிராம். நான் கூட்டிப் பார்க்கவில்லை. போட்டி நாள் காலை, தராசில் ரைபிளை வைத்தார்கள்: 8.46. தராசுக்காரர் ஒன்றும் பேசவில்லை, எண்ணைச் சுட்டிக்காட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் இலேசான பைபொட்டை இரவல் தந்தார், 8.21 வந்தது. பழக்கமில்லாத பைபொட்டில் அன்று நான் எடுத்த புள்ளியைச் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: தண்டு (தோளில் வைக்கும் கட்டை), அக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி வெடிக்க வைக்கும் பொறி), ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், பைபொட். அனுமதித்த எடையில் இவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் குழலுக்கு. 100, 150 கிராம் கைவசம் வையுங்கள்.

எடை மிஞ்சாவிட்டால் தடிப்பைக் குறைத்து நீளத்தைக் காப்பாற்றலாமே என்று தோன்றும். பேரிக்காய் பறிக்கும் துறட்டியை நினைத்துப் பாருங்கள். ஐந்தடிக் கம்பில் கொக்கி சொன்ன இடத்தில் நிற்கும். அதே தடிப்பில் பத்தடிக் கம்பென்றால் நுனி ஆடிக்கொண்டே இருக்கும். குழலும் அப்படித்தான், ஒரே தடிப்பில் 24ஐ 30 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகும். எனவே மெல்லிய 30ஐ விடத் தடித்த 28 நல்லது. இது என் அபிப்பிராயம், மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

படி 5: இருப்பதை அளந்து பாருங்கள்

கழக ரைபிளில் சுட்டுப் பழகுகிறீர்களா? அதன் குழலை அளந்து வையுங்கள், ஒப்பிட உதவும். தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார்த்த பிறகு, குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடுங்கள். துடைப்புக் கம்பியை வாய்ப் பக்கமாக மெல்ல விடுங்கள். போல்ட் முகத்தில் "டக்" என்று முட்டி நிற்கும். வாய் விளிம்போடு கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, வெளியே எடுத்து அளங்கள். உதைப்பைக் குறைக்கக் குழல் வாயில் மாட்டும், கழற்றக்கூடிய மசில் பிரேக் கணக்கில் சேராது. அதைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

படி 6: ஓடர்

இரண்டு எண்களுக்கு நடுவே தடுமாறினால், தராசு இடம் கொடுக்கும் வரை நீளமானதை எடுங்கள். வெட்டலாம், ஒட்ட முடியாது. அதோடு சில ஆயிரம் சூட்டுக்குப் பிறகு சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) முன்னால் உள்ள தொண்டைப் பகுதி அரிந்துபோகும். குழல் நல்லதாக இருந்தால், பின்பக்கம் ஒரு அங்குலம் போல வெட்டிச் சேம்பரைப் புதிதாகக் கடைந்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்கும் நீளம் வேண்டுமே. வாய்ப் பக்கம் வெட்டினால் விளிம்பைத் தேர்ந்த துப்பாக்கிக் கொல்லரிடம்தான் திரும்பக் கடையக் கொடுக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது.

குழல் வந்ததும் வேகமானியில் சுட்டுப் பாருங்கள். ஒரே நீளம், ஒரே தோட்டா என்றாலும் இரண்டு குழல்கள் விநாடிக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் வித்தியாசம் காட்டும். பட்டியலில் இருக்கும் எண் உங்கள் குழலின் எண் அல்ல.

மருமகன் .308இல் எஃப்-டிஆர் என்று பதில் போட்டான். சாமான் பட்டியலை வாங்கி, எடையைக் கூட்டி, 30 எடு, வாய்ப் பக்கம் மெலிந்த வடிவத்தில் எடு என்றேன். போன கிழமை தராசுப் படம் அனுப்பினான்: 7.94. கீழே ஒரு வரி: "மாமா, காற்றை எப்படிப் பார்ப்பது?"

அதற்கு இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.