அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி: வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

டெக்ஸஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ, இர்விங், கேட்டி போன்ற ஊர்களில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள், வீடு, பள்ளிக்கூடம், கார் காப்பீடு எல்லாம் ஓரளவு ஒழுங்கானதும் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வீட்டுப் பாதுகாப்புக்கும் மலை, காடு என்று போகும்போது துணைக்குமாக அதிகச் செலவில்லாமல் ஒரு கைத்துப்பாக்கி வாங்க முடியுமா என்பது. போலீஸ்காரர் இடுப்பிலும் வங்கி வாசல் காவலாளியின் தோளிலும் தவிர வேறெங்கும் துப்பாக்கியைப் பார்க்காமல் வளர்ந்தவர்களுக்கு, அது பெட்டிக்கடைச் சாமான்போல் கண்ணாடி அலமாரியில் விலைச்சீட்டுடன் இருப்பதைக் காண்பது வியப்பாகத்தான் இருக்கும். இங்கே வாங்குவது எளிது. ஆனால் வாங்கும் தகுதி தமக்கு உண்டா என்று பார்க்காமலேயே கடைக்குப் போகிறவர்கள் இருப்பதால், எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு முன்பே விசாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 முதலிய குடியேற்றமல்லாத விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. டெக்ஸஸ் மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை மாறாது. செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்பது உண்மை; ஆயினும், அந்த ஒரு சீட்டை நம்பித் தம் குடிவரவு நிலையையே பணயம் வைப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்து ஆலோசனை கேட்பதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. கிரீன் கார்டு பெற்றவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் சட்டப்படி வாங்கலாம்.

இந்தத் தடை வாங்குவதோடு நிற்பதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அலுவலக நண்பர்களோடு வார இறுதியில் சுடும் ரேஞ்சுக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைச் சிறிது நேரம் கையில் பிடித்துச் சுடுவதும் சட்டத்தின் பார்வையில் அதை வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். அந்தப் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுவது தமக்கு எதிரான சான்றைத் தாமே எழுதிக்கொடுப்பதற்குச் சமம். மனைவிக்குக் கிரீன் கார்டும் கணவருக்கு எச்-1பியும் உள்ள குடும்பங்களில் மனைவி துப்பாக்கி வாங்கலாம்; ஆனால் துப்பாக்கி வைத்துப் பூட்டும் பெட்டியின் சாவியோ இரகசிய எண்ணோ கணவரிடம் இருக்கக் கூடாது, ஏனெனில் எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதையே வைத்திருப்பதாக வழக்கு வைக்க முடியும். விசாவில் உள்ள நண்பருக்காகத் தம் பெயரில் வாங்கிக் கொடுப்பது இதைவிடப் பெரிய குற்றம். இப்படிப் பிறருக்காகத் தம் பெயரில் வாங்கித் தருவதற்கு 2022-இல் வந்த சட்டம் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

தகுதி உள்ளவர்கள் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றம். கிரீன் கார்டும், இப்போதைய முகவரி அச்சிடப்பட்ட ஓட்டுநர் உரிமமும் தேவை. வீடு மாறிய பின் உரிமத்தில் முகவரியை மாற்றாமல் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அதிகம். அதன்பின் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை நடக்கும். பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குடியுரிமை பெறாதவர்களுக்குக் குடிவரவுப் பதிவுகளையும் பார்ப்பதால் தாமதமாகலாம், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. கைத்துப்பாக்கியைத் தாம் குடியிருக்கும் மாநிலத்தில்தான் பெற்றுக்கொள்ள முடியும். மாநிலங்களுக்கிடையே விதிகள் வெகுவாக வேறுபடுகின்றன: இல்லினாயில் முதலில் துப்பாக்கி உரிமையாளர் அட்டை பெற வேண்டும், நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி வேண்டும், கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். இனி நான் சொல்லும் சட்ட விவரங்கள் பெரும்பாலும் டெக்ஸஸைப் பற்றியவை.

இப்போது பணம். துப்பாக்கியின் விலை மொத்தச் செலவில் பாதிதான் என்று கணக்கிட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. கையில் 700 டாலர் இருந்தால் 350 டாலருக்குத் துப்பாக்கியைத் தேடுங்கள். மீதி, பூட்டுப்பெட்டிக்கும் தொடக்கநிலை வகுப்புக்கும் காது, கண் பாதுகாப்புக்கும் பயிற்சித் தோட்டாக்களுக்கும் வேண்டும். 600 டாலருக்குப் பெயர்பெற்ற துப்பாக்கியை வாங்கி அதைத் துணி அலமாரியில் மடித்த வேட்டிகளுக்கடியில் வைத்திருப்பவரைவிட, 300 டாலர் துப்பாக்கியைப் பூட்டி வைத்து மாதம் ஒருமுறை பழகுகிறவரே பாதுகாப்பாக இருக்கிறார்.

முதல் துப்பாக்கியாக நான் பரிந்துரைப்பது, ஏறக்குறைய 4 அங்குலக் குழல் உள்ள, 9 மி.மீ. தோட்டா போடும் நடுத்தர அளவுப் பிஸ்டல். கடைக்காரர்கள், குறிப்பாகப் பெண்களிடம், சிறியதாக, இலேசாக இருப்பதை எடுத்து நீட்டுவதுண்டு; அதை ஏற்க வேண்டாம். 300 கிராமுக்கும் குறைவான சட்டைப்பைப் பிஸ்டல் சுடும்போது உள்ளங்கையில் சுரீரென்று அடிக்கும். இரண்டு விரலுக்கே பிடி கிடைக்கும். குறி பார்க்க உதவும் முன், பின் முனைகளுக்கு இடையிலான தூரமும் குறைவு. நான்கு தோட்டா சுட்டதும் புதியவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கத் தொடங்குவார், அந்தப் பழக்கம் பிறகு எளிதில் போகாது. எடை கூடிய துப்பாக்கி பின்னுதைப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். 9 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வலிமை மட்டுமன்று. எங்கும் கிடைக்கிறது, பயிற்சித் தோட்டா ஒன்று பெரும்பாலும் 25 முதல் 30 சென்ட் வரை இருக்கும், ஆகவே பழகப் பணம் தடையாகாது.

இந்த வகையில் ரூகர் செக்யூரிட்டி-9, ஸ்மித் அண்ட் வெசன் எஸ்.டி.9, பிரேசில் நிறுவனமான டாரஸின் ஜி3 ஆகியவை ஏறத்தாழ 250 முதல் 400 டாலருக்குள் புதிதாகவே கிடைக்கின்றன. இவற்றில் எனக்கு ரூகரே பிடிக்கும். தோட்டாவை ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேற்பகுதியான ஸ்லைடை இழுப்பது புதியவருக்கு எளிதாக இருக்கிறது. காவல் துறைகள் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரும் கிளாக் பிஸ்டல்கள் சற்றுக் கூடுதல் விலையில் வருகின்றன. உறையில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருந்தாலும் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் நன்றாக இருக்கும் என்பதால் அவை நல்ல வாங்கல். பழைய துப்பாக்கி எதுவானாலும் அதன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள், விரல் வலிமை குறைந்தவர்கள் ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ஈஸி வகையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம். விலை கூடுதல், ஆனால் ஸ்லைடை இழுக்க முடியாத துப்பாக்கி எத்தனை மலிவாக இருந்தாலும் பயனில்லை. ரிவால்வர் எளிமையானது, டாரஸ் 856 போன்ற, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா போடும் ரிவால்வர் ஆறு தோட்டா கொள்ளும். ஆனால் அதன் விசை கனமானது, இழுக்கும்போது குறி நகரும்.

வாங்கும் முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பாருங்கள். பிடித்தால் சுட்டுவிரலின் முதற்கணு விசையில் இயல்பாகப் படிய வேண்டும். மணிக்கட்டைத் திருப்பாமல் குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் இரண்டும் அணியுங்கள். மூடிய ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுடுவதே நெஞ்சில் அதிரும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: தோட்டாவிலிருந்து ஈயத் தூள் கையிலும் உடையிலும் படியும். ரேஞ்சை விட்டு வெளியே வருமுன் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கையைக் கழுவி, வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

வீட்டுக்குள் சுடுவது பற்றி. அமெரிக்க வீடுகளின் உட்சுவர், மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகைதான். நம் ஊர்ச் செங்கல் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது; 9 மி.மீ. தோட்டா இப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துக் குழந்தையின் அறைக்கோ அடுத்த வீட்டுக்கோ போய்விடும். பாதுகாப்புக்கு ஹாலோ பாயிண்ட் என்ற, முனையில் குழியுள்ள தோட்டா வகையைப் போடச் சொல்வது, அது உடலில் விரிந்து நிற்கும் என்பதால். குறி தவறினால் அதுவும் சுவரைத் துளைக்கும். ஆகவே எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். கூடவே ஒரு நல்ல டார்ச் வாங்குங்கள். 2023 ஏப்ரலில் மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில், தம்பிமாரை அழைத்துவரப் போய்த் தவறான வீட்டின் மணியை அடித்த 16 வயதுச் சிறுவனை, அந்த வீட்டின் 84 வயது முதியவர் கதவுக்கு அப்பாலிருந்து சுட்டார். சிறுவன் உயிர் பிழைத்தான். வாசலில் நிற்பவர் யார் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. கதவைப் பூட்டி, குடும்பத்தை ஓர் அறையில் சேர்த்து, 911-ஐ அழைத்துக் காத்திருப்பதே பெரும்பாலான இரவுகளில் சரியான செயல்.

வெளியிடங்களுக்குத் துணையாகக் கைத்துப்பாக்கி என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. டெக்ஸஸ் பாதைகளில் நாம் அதிகம் அஞ்சும் பாம்பிடமிருந்து விலகி நடப்பதே போதும். யெல்லோஸ்டோன், கிளேசியர் போன்ற கரடி நடமாடும் பூங்காக்களில் பூங்கா நிர்வாகமே கரடி ஸ்ப்ரே என்ற மிளகாய்க் காரத் தெளிப்பானை எடுத்துச் செல்லச் சொல்கிறது. ஓடி வரும் விலங்கைப் புதியவர் பிஸ்டலால் குறிபார்ப்பது எளிதன்று, ஸ்ப்ரேயோ மேகமாக விரியும். விமானத்தில் அதைக் கொண்டுபோக முடியாது, அங்கே போய் வாங்க வேண்டும். 2010 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பார்வையாளர் மையம் முதலிய ஃபெடரல் கட்டடங்களுக்குள் கொண்டுபோவது குற்றம். தபால் அலுவலகத்துக்கும் அப்படியே.

2021 செப்டம்பர் முதல் டெக்ஸஸில், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். அப்படியிருந்தும் 40 டாலர் கட்டணத்தில் உரிமம் வாங்கிக்கொள்வதை நான் விரும்புகிறேன். அதற்கான வகுப்பில்தான் எந்தப் பலகை எதைத் தடுக்கிறது என்று புரியும். மது விற்பனையே முதன்மை வருமானமான கடைகளின் வாசலில் சிவப்பு எழுத்தில் 51 சதவீதம் என்றிருக்கும். அதற்குள் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. இந்த உரிமம் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் செல்லாது. காரில் மாநிலம் கடக்கும்போது தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில், டிக்கியில் வைத்துச் செல்ல வேண்டும்.

பூட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தயக்கமே இல்லை: பூட்ட முடியாத வீட்டில் துப்பாக்கி வேண்டாம். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்ஸஸில் குற்றம். கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டும் தந்தாக வேண்டும். பல காவல் நிலையங்களில் கம்பிவடப் பூட்டு இலவசமாகவும் கிடைக்கும். எனினும், இருட்டில் விரலால் தடவியே திறக்கக்கூடிய பொத்தான் பூட்டுள்ள இரும்புப் பெட்டியை வாங்கி, கட்டிலோடோ சுவர்ச் சட்டத்தோடோ திருகி இறுக்குவதே சரி. ஊரிலிருந்து அப்பா, அம்மா, அக்கா பிள்ளைகள் ஆறு மாதம் தங்க வரும்போது பெட்டியின் எண்ணை மாற்றுங்கள். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வேலை போய், விசா கெடு நெருங்கி, ஊருக்குச் சொல்ல முடியாமல் தனியே புழுங்கும் காலம் நம்மவர் பலருக்கும் வருகிறது. வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு காலம் வந்தால், துப்பாக்கியை வீட்டிலிருந்து அகற்றிச் சட்டப்படி பொறுப்பேற்கக்கூடிய இடத்தில் வைத்துவிடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்நேரமும் அழைத்துப் பேசலாம்.

வகுப்பில் முதல் நாளே நான்கு விதிகள் சொல்லித் தருவார்கள்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கொள்ள வேண்டும்; அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல்முனையைத் திருப்பக் கூடாது; குறி பார்த்துச் சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்; இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். துடைத்துச் சுத்தம் செய்யும்போதும் இவை பொருந்தும்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால், அது சிறிய வழக்காகவே இருந்தாலும், நாடு கடத்தப்பட அது காரணமாகலாம். இந்தியப் பயணத்தில் இது வேறு வடிவில் வரும்: ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையின் ஓரத்தில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்குப் பதிவாகலாம், மறந்துவிட்டேன் என்பதை நீதிமன்றம் வரை போய்த்தான் நிறுவ வேண்டியிருக்கும். ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பை வாங்கி, அதைப் பயணப் பெட்டிகள் இருக்கும் அலமாரியில் வைக்காமல் கராஜில் பூட்டி வையுங்கள்.