கண்மாயில் கூடு எண்ணுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகியதும், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு வைக்கும். மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாய், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயம் இரண்டும் அப்படிப்பட்ட இடங்கள். புதிதாக வருகிறவர்கள் பறவையை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் எண்ண வேண்டியது கூடு. ஜோடியில் ஒன்று அடைகாக்க, மற்றது வயலில் மேயும். தலைக்கணக்கு மணிக்கு மணி மாறும்.

வேண்டியவை: இரண்டு பேர், 8×42 பைனாகுலர், நோட்டு, பென்சில் (பேனா மை மழையில் கரையும்). சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். ஊர்க் கண்மாய் என்றால் ஊராரிடம் சொல்லுங்கள்.

1. விடிந்ததும் போய், மரங்களுக்குக் கிழக்கே நில்லுங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும்.

2. மரங்களைப் படமாக வரைந்து, இடமிருந்து வலமாக எண் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரே மரத்தை இருமுறை எண்ணுவீர்கள்.

3. ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுதட்டும். ஒவ்வொரு இனத்துக்கும் அடை, குஞ்சு, காலி என மூன்று கட்டம். கூடில்லாமல் கிளையில் நிற்கும் பறவை கணக்கில் சேராது.

4. இனம் பிரிப்பதில்தான் பிழை அதிகம். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி உண்டு, குஞ்சுக்கு இருக்காது. பாம்புத்தாரா குஞ்சு வெள்ளை, நீர்க்காகக் குஞ்சு கறுப்பு. வளர்ந்த வக்கா (இராக்கொக்கு) குஞ்சு பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருப்பதால் மடையான் (குளத்துக் கொக்கு) என்று எழுதிவிடுவார்கள். வெள்ளைக் கொக்குக் கூட்டத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சாக இருந்தால் உண்ணிக்கொக்கு. சந்தேகமா? 'இனம் தெரியாதது' என்றே எழுதுங்கள். ஊகம் வேண்டாம்.

5. 15 நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று எண்ணுங்கள். எண்களைக் கூட்டாதீர்கள், அதே கூடுதான் மறுபடி வரும். ஒவ்வொரு இனத்திலும் மிக அதிகமான எண்ணை எடுங்கள். குறைந்தது அத்தனை கூடாவது இருந்தது என்பதே அதன் பொருள்.

எல்லாவற்றுக்கும் மேல், தூரம். கரையை விட்டு இறங்காதீர்கள். 100 மீட்டராவது இருக்கட்டும். அடைப்பறவை எழுந்து கழுத்தை நீட்டினால் உடனே பின்வாங்குங்கள். அது பறந்தால் காக்கை முட்டையைக் கொத்தும், வெயில் குஞ்சைக் கொல்லும், மிரண்ட குஞ்சு தண்ணீரில் விழும். ட்ரோன் கூடவே கூடாது. வேட்டங்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. நாமும் குரலைத் தாழ்த்தியே பேசுவோம்.

தேதி, நேரம், நீர்மட்டம் எழுதி அன்றைக்கே இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். கூடுகளின் எண்ணிக்கையைக் குறிப்புப் பகுதியில் போடுங்கள். மழை பொய்த்து ஒரு கூடும் இல்லாத வருடத்திலும் 0 என்று பதியுங்கள். கூடு இல்லாததற்கும் யாரும் பார்க்காததற்கும் வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.