பழைய மெத்தை வீட்டுக்கு மரப்படி: சறுக்கும் இடங்கள்

வவுனியாவுக்கு வெளியே ஒரு பழைய மெத்தை வீட்டில், அதாவது மாடி வீட்டில், நான் செய்து பூட்டிய படி அது. பால் காய்ச்சிய அன்று மேலேயிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடக்குப்பட்டார்கள். வீட்டுக்காரர், அவருடைய மாமியார், ஐயர், கடைசியில் நானும். கீழ்த்தரையில் பதித்த ரைல்சில் கால் வைப்பதற்கு முந்திய படி. மற்றப் படிகளின் உயரம் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அந்த ஒன்று மட்டும் ஐந்தரை. நான் அளவெடுத்தபோது கீழே பழைய சீமெந்துத் தரைதான் இருந்தது. படியைப் பூட்டிவிட்டு நான் போன பிறகு சாந்து போட்டு, ரைல்ஸ் பதித்து, தரையை ஒன்றரை அங்குலம் உயர்த்திவிட்டார்கள். பிழை என்னுடையது. தரைக்கு என்ன போடப்போகிறீர்கள் என்று நான் கேட்கவேயில்லை. படிகளை இருபுறமும் தாங்குகிற பக்கப்பலகை இரண்டையும் புதிதாக வெட்டினேன், கூலி கேட்க வாய் வரவில்லை.

இரண்டு மூன்று படி இறங்கியதும் கால் உயரத்தைப் பாடமாக்கிவிடும். அதன்பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் 3 நூல் வித்தியாசம் வந்தாலே ஆள் தடுமாறுகிறது. நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. அளவெடுக்கும்போது மேல்தரையும் கீழ்த்தரையும் முடிந்த தரையாக இருக்க வேண்டும். முடியவில்லையென்றால், எவ்வளவு உயரப்போகிறது என்பதை மேசனிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

வன்னியில் பழைய மெத்தை வீடு அபூர்வம். மண்சுவரும் கிடுகும் ஓடுமாக இருந்த ஊர்கள் இவை. 1905இல் வடக்கு ரயில்பாதை திறந்த பிறகு ஸ்டேசனை அண்டி எழுந்த கடைகள், வசதியான சில குடும்பங்களின் வீடுகள், அங்கங்கே பங்களாக்கள், அவ்வளவுதான். அவற்றிலும் பலவற்றில் இன்று படி கிடையாது. யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்து வீடு வெறுமையாகக் கிடந்த காலத்தில் கதவு, யன்னல், கைமரம் என்று கழற்றக்கூடியது எல்லாம் போனது, படியும் போனது. ஆனால் சுண்ணாம்புச் சுவரை நன்றாகப் பாருங்கள். பழைய படி இருந்த இடம் பல்வரிசை மாதிரித் தெரியும். நான் மேலே சொன்ன வீட்டிலும் இருந்தது. ஏற்றம், அதாவது ஒரு படியின் உயரம், 9 அங்குலம். கால் வைக்கிற மிதிபலகையின் அகலம் 8. கிட்டத்தட்ட ஏணி.

வெளிநாட்டிலிருந்து வந்து வீடு திருத்துகிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில் சறுக்குவார்கள். "அப்பப்பா வைச்ச மாதிரியே வேணும் அண்ணை" என்பார்கள். அந்தத் தூணின் கடைசல், கைபிடியின் வளைவு, பலகையின் மூக்கு, இவற்றை எடுங்கள். சரிவை எடுக்காதீர்கள். அப்பப்பா அந்தப் படியில் ஏறியபோது அவருக்கு முப்பது வயது. நீங்கள் அறுபதில் ஏறப்போகிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த வீட்டில் தரையிலிருந்து மேல்தரை வரை 11 அடி 4 அங்குலம், அதாவது 136 அங்குலம். பழைய வீடுகள் காற்றுக்காக உயரமாகக் கட்டியவை, உயரம் கூடக்கூடப் படியின் நீளமும் கூடும். 136ஐ 19 ஏற்றமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 7 அங்குலமும் ஒன்றேகால் நூலும். ஏற்றத்தின் இருமடங்கோடு மிதியைக் கூட்டினால் 24, 25 அங்குலம் வரவேண்டும் என்பது பழைய கணக்கு, அது பிழைப்பதில்லை. மிதி 10 அங்குலம் என்றால் கணக்கு 24க்குச் சற்று மேலே நிற்கிறது. நல்ல படி. ஆனால் 19 ஏற்றத்துக்கு 18 மிதி, 180 அங்குலம், 15 அடி. விறாந்தையில் இருந்ததோ 13 அடி. மிதியை எட்டரைக்குக் குறைத்து நேராகவே விட்டுவிடலாமே என்று ஆசை வரும். இறங்கும்போது குதிக்கால் மட்டும் பலகையில் நிற்கும், முன்கால் அந்தரத்தில் தொங்கும். அப்படிச் செய்யாமல் நடுவில் நின்று திரும்ப ஒரு தட்டு வைத்துப் படியைத் திருப்புங்கள். தட்டுக்குப் பதிலாக விசிறி மாதிரி வெட்டிய படிகளைத் திருப்பத்தில் வைப்பவர்களும் உண்டு. வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அதை நான் செய்து கொடுப்பதில்லை.

படிகளை லாபம், நட்டம் என்று மாறி மாறி எண்ணிப் பார்க்கிற பிரச்சினை ஒன்று இருக்கிறது. கடைசி அடி லாபத்தில் முடியவேண்டும், எண்ணிக்கை ஒற்றையாக வரவேண்டும். நான் இதில் வாதாடுவதில்லை. ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதை முதலே பேசிவிடுங்கள். மேல்தரையில் வைக்கிற அடியையும் சேர்த்தால் 19, லாபம். பலகையை மட்டும் எண்ணினால் 18, நட்டம். வேலை முடிந்த பிறகு வீட்டம்மா பலகையை எண்ணிவிட்டு முகம் மாறினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணிக்கையைச் சரிக்கட்டுவதற்காக அடியில் ஒரு குட்டிப் படியைச் செருகுவதுதான் உண்மையான நட்டம். தடக்குப்பட்ட கதைக்குத் திரும்பிப் போய்விடுவோம்.

சுவரை நம்பாதீர்கள். பழைய சுவர் வயிறு தள்ளியிருக்கும், மூலை மட்டத்தில் இராது. தூக்குக்குண்டை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் விட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் நடுவே முக்கால் அங்குலம் வெளியே வந்திருந்தது. நான் அளவு ரேப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. நேரான சலாகை ஒன்றைத் தரையிலிருந்து மேல்தரை வரை நிறுத்தி, எல்லா ஏற்றத்தையும் அதிலேயே கோடு போட்டு, அந்தச் சலாகையைப் பட்டறைக்குக் கொண்டுபோவேன். ரேப்பில் ஒவ்வொரு படியாக அளந்தால் ஒவ்வொன்றிலும் அரை நூல் தப்பும், பத்தொன்பதில் ஒரு அங்குலத்தைத் தாண்டிவிடும்.

மேல்தரையின் திறப்பைப் பெரிதாக்க வேண்டி வந்தால் தீராந்தியில், அதாவது மேல்தரையைத் தாங்குகிற மரத்தில், வாள் வைக்கும் முன் நில்லுங்கள். ஒரு தீராந்தியை வெட்டினால் அதன் பாரத்தைத் தாங்கக் குறுக்கே ஒரு வளைமரம் போட்டு, பக்கத்துத் தீராந்திகளில் பூட்ட வேண்டும். முதலில் முட்டுக்கொடுத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிவிட்டு முட்டுத் தேடினால் மேல்தரை தொய்ந்திருக்கும். படியில் நிற்கிறவருக்குத் தலைக்கு மேலே ஆறரை அடியாவது வேண்டும்.

இனி மரம். இதில்தான் வன்னிக்காரருக்குக் கர்வமும் இருக்கிறது, காசும் போகிறது. பாலையும் முதிரையும் நம்முடைய காட்டு மரங்கள். பாலை தண்ணீரில் தாழும், அவ்வளவு பாரம். ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைக்குப் போன மரம். ஆனால் அது உளியைத் தின்னும், துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும், அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். மிதிபலகைக்கு என் தெரிவு முதிரை. சீவினால் பொன் மாதிரி மினுங்கும், தேயாது. கைபிடிக்குத் தேக்கு, வளைவு கடைவதற்குப் பணிந்து போகும்.

எந்த மரமானாலும் பச்சையாக வாங்காதீர்கள். மாரியில் அறுத்த பலகையை அப்படியே பூட்டினால், சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அது ஒடுங்கி, பலகை செருகியிருக்கிற பள்ளத்தில் (காடியில்) இடைவெளி விட்டு, ஒவ்வொரு அடிக்கும் கிறீச்சிடும். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில் அடுக்கி வைப்பது வழக்கம். அப்புறம் படி வரப்போகிற வீட்டுக்குள்ளேயே சில கிழமை போட்டு வையுங்கள். மரம் விற்கிற மரக்காலையில் கேட்டால் "காய்ஞ்சது" என்றுதான் சொல்வார்கள். மரம் ஏற்றிச் செல்ல வனவளத் திணைக்களம் தருகிற அனுமதி இல்லாமல் இரவில் மலிவாக வந்து இறங்குகிற மரத்தைத் தொடாதீர்கள். பிடிபட்டால் மரமும் போகும், வாகனமும் போகும்.

பழைய மரத்தைத் திரும்பப் பாவிப்பது நல்ல யோசனை. நன்றாகக் காய்ந்திருக்கும், இனி அசையாது. ஆனால் இங்கே ஒரு ஆபத்து உண்டு. ஒருமுறை பழைய தீராந்தி ஒன்றை அறுக்கக் கொடுத்தேன். பாதி தூரம் போனதும் வாள் கத்தியது, பல் பறந்தது. உள்ளே விரல்நுனி அளவு ஷெல் துண்டு. சுற்றிலும் மரம் மை கொட்டினது போலக் கறுத்திருந்தது. மேலே பார்த்தால் ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். இப்போது அப்படிக் கறுப்புப் பொட்டு எங்கே தெரிந்தாலும் முதலில் உளியால் தோண்டிப் பார்க்கிறேன். பழைய சிலிப்பர் கட்டையும் வேண்டாம். எண்ணெயும் கல்மண்ணும் போல்ட் துளையுமாக இருக்கும்.

பூட்டும்போது பலகையை ஆணியால் மட்டும் நிறுத்தாதீர்கள். பக்கப்பலகையில் அரை அங்குலக் காடி வெட்டி, மிதிபலகையை உள்ளே விட்டு, அடியிலிருந்து பசை தடவிய ஆப்பு இறுக்க வேண்டும். பாரத்தைச் சுண்ணாம்புச் சுவரில் தொங்கவிடவும் கூடாது. விரிந்து இறுகுகிற போல்ட்டைப் போட்டால் அந்தச் சுவர் பொரிந்து கொட்டும். மேலே வளை தாங்கட்டும், கீழே தரை தாங்கட்டும். சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விடுங்கள், காற்றுப் போகட்டும். படியின் கால் நேரே தரையில் படாமல் கருங்கல் துண்டு ஒன்றின் மேல் நிற்கட்டும். கறையான் அங்கிருந்துதான் ஏறும். படிக்குக் கீழே அலுமாரி கேட்பார்கள். செய்யலாம், பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்க வழி இருந்தால். அடைத்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பது கால் புதையும் நாளில்தான் தெரியும்.

கைபிடி 3 அடி உயரம். கம்பிக்கால்களுக்கு இடையில் 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும், குழந்தையின் தலை போகக்கூடாது. பழைய வீடுகளில் இதைவிட அகலமாகவே விட்டிருப்பார்கள்.

கடைசியில் வார்னிஷ். கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும் என்று மூன்று கோட், நான்கு கோட் கேட்பார்கள். நம் வீடுகளில் செருப்போடு மாடி ஏறுகிற வழக்கம் இல்லை, கிணற்றடியில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு ஏறுவோம், வார்னிஷில் கால் வழுக்கும். அந்த வீட்டில் மிதிபலகைக்கு எண்ணெய் மட்டும் ஊட்டினேன், மினுக்கத்தைத் தூணுக்கும் கைபிடிக்கும் வைத்துக்கொண்டேன். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை, மங்கலாக இருக்கிறதாம்.