ஆசிரியர் பணியும் கல்விக்கடன் தள்ளுபடியும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ பணியாற்றுபவர்களின் கல்விக்கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டங்கள் உண்டென்று இங்கு வந்த சில மாதங்களிலேயே யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவை உண்மையான திட்டங்களே. ஆனால் கடன் யார் தந்தது, சம்பளம் யார் தருகிறார் என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளாதவர்களுக்கு அவை பயன்படுவதில்லை.

தள்ளுபடி கிடைப்பது கூட்டாட்சி அரசு தந்த கடனுக்கு மட்டுமே. ஊரில் வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய கல்விக்கடனும், இங்கே தனியாரிடம் வாங்கிய கடனும், நீங்கள் எத்தனை ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தினாலும் இதில் சேரா. எஃப்1 (மாணவர்), எச்1பி (பணியாளர்), எச்4 (எச்1பி பணியாளரின் குடும்பத்தார்) விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சிக் கடன் கிடைக்காது. குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், அகதிகளாகவோ புகலிடம் பெற்றோ வந்தவர்களுக்கும் கிடைக்கும். எனவே, கிரீன் கார்டு வந்தபின் ஆசிரியர் பயிற்சியில் சேர நினைக்கும் பெண்களும், இலங்கையிலிருந்து வந்து புகலிடம் பெற்று இங்கே படிப்பைத் தொடர்பவர்களும், தனியார் கடனைத் தேடுவதற்கு முன் கூட்டாட்சிக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு வட்டி குறைவு என்பதற்காக அதைத் தனியார் நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால், இழந்த தகுதி திரும்ப வராது.

பெரிய திட்டம், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி. அரசு அமைப்பிலோ வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்படி வரிவிலக்குப் பெற்ற லாபநோக்கற்ற நிறுவனத்திலோ வாரம் குறைந்தது 30 மணி நேரம் பணியாற்றி, வருமானத்துக்கேற்பத் தவணை கட்டும் திட்டத்தில் சேர்ந்து, 120 மாதத் தவணைகளைக் கட்டி முடித்தால், மீதிக் கடன் முழுவதும் நீங்கும். அந்தத் தொகைக்குக் கூட்டாட்சி வருமான வரியும் இல்லை. தவணைகள் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை; இடையில் வேலையை விட்டாலும் முன்பு கட்டியவை கணக்கில் நிற்கும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கான தவணைத் திட்டங்கள் மாறியுள்ளதால், பழைய நண்பர்கள் சேர்ந்த திட்டத்தையே கேட்டுச் சேர முடியாது.

நம்மவர்கள் மிகுதியாக ஏமாறும் இடம், சம்பளம் தருபவர் யார் என்பதில்தான். மாநில அரசு அலுவலகத்தில் அமர்ந்து கணினிப் பணி செய்தாலும், சம்பளம் கன்சல்டிங் நிறுவனத்திடமிருந்து வந்தால் அது பொதுச்சேவை ஆகாது. சம்பளம் தருபவர் ஆண்டுதோறும் தரும் டபிள்யூ-2 என்ற வரிப் படிவத்தில் உள்ள நிறுவன எண் யாருடையது என்று பாருங்கள், அதுவே விடை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் தன்னார்வமாகக் கற்பிப்பது மதிப்புமிக்க தொண்டு என்றாலும், ஊதியமில்லாத பணி இதில் சேராது.

ஆசிரியர்களுக்கென்று தனித் திட்டமும் உண்டு. குறைந்த வருமானப் பகுதிப் பள்ளிகளில் தொடர்ந்து 5 முழுக் கல்வியாண்டுகள் பணியாற்றினால், உயர்நிலைக் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு 17,500 டாலர் வரையும், மற்றவர்களுக்கு 5,000 டாலர் வரையும் குறையும். அதே 5 ஆண்டுகளைப் பொதுச்சேவைத் திட்டத்துக்கும் காட்ட முடியாது. கடன் பெரியது, இந்தத் துறையிலேயே நீடிப்பீர்கள் என்றால், 5,000 டாலருக்காக 60 தவணைகளை விட்டுக்கொடுப்பது நல்ல முடிவன்று என்பது என் கருத்து.

கணவனும் மனைவியும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால் இருவர் வருமானத்தையும் வைத்தே தவணை கணக்கிடப்படும். ஒருவர் மென்பொருள் துறையிலும் மற்றவர் பள்ளியிலும் இருக்கும் குடும்பங்களில், ஆசிரியரின் தவணை இதனால் மிகவும் உயர்ந்துவிடும். தனித்தனியே தாக்கல் செய்தால் தவணை குறையும். ஆனால் கல்விக்கடன் வட்டிக்கான வரிக்கழிவு போன்றவை போய்விடும். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

வேலை செய்துகொண்டே முதுகலை படிப்பவர்களின் தவணை தானாகவே நிறுத்தி வைக்கப்படலாம். அந்த மாதங்கள் பொதுச்சேவைத் திட்டத்தின் 120 தவணைகளில் சேராததால், நிறுத்த வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். பணிச் சான்றுப் படிவத்தை ஆண்டுதோறும், வேலை மாறும்போதெல்லாம், பள்ளியிடம் கையொப்பம் வாங்கி அனுப்புங்கள். பொதுச்சேவைத் திட்டத்துக்கு முதல் தகுதியாளர்கள் 2017இல் விண்ணப்பித்தபோது மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். கடன் வகையோ தவணைத் திட்டமோ தவறென்று பலருக்குப் பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. இவை அனைத்துக்கும் அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் விண்ணப்பிக்கலாம். தள்ளுபடி வாங்கித் தருவதாகப் பணம் கேட்டு அழைப்பவர்களுக்கு உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.